ஒழிக்கப்பட்ட பதவி, ஒழியாத வேலை: சிக்கனக் காலத்தில் அரசு ஊழியர் சங்கம்

‘ஃபர்லோ’ என்னும் சொல் மலாயாவின் அரசு அலுவலகங்களுக்குப் புதியதன்று. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், சில ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றிய ஐரோப்பிய அதிகாரி சம்பளத்துடன் தாயகம் சென்று மாதக்கணக்கில் தங்கிவரப் பெற்ற நீண்ட விடுப்பையே அது குறித்தது. அதே அலுவலகத்தில் பேரேடு எழுதிய யாழ்ப்பாணத் தமிழ் எழுத்தருக்கும், வெயிலில் கல் உடைத்துச் சாலை போட்ட பொதுப்பணித் துறைக் கூலித் தொழிலாளிக்கும் அந்தச் சொல்லோடு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. இன்று உலக வழக்கில் அதன் பொருள் தலைகீழாகிவிட்டது. அரசின் கருவூலத்தில் பணம் போதாதபோது, ஊழியரை வேலையிலிருந்து நீக்காமலேயே, இன்னின்ன நாள்களில் பணிக்கு வர வேண்டாம் என்று ஆணையிட்டு, அந்நாள்களின் சம்பளத்தையும் பிடித்துக்கொள்வதே இன்றைய ஃபர்லோ. தமிழில் அதைக் கட்டாயச் சம்பளமில்லா விடுப்பு எனலாம். பதவி ஊழியரிடமே இருக்கும். அந்நாளுக்குரிய கூலிதான் வாராது.

இம்முறையின் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் கிடைக்கிறது. 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆளுநர் அர்னால்ட் ஷ்வார்ஸ்னெகர் மாநில ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் சம்பளமில்லா விடுப்பை ஆணையாகப் பிறப்பித்து, ஜூலையில் அதை 3 நாளாக உயர்த்தினார். ஊழியர் சங்கங்கள் வழக்கு மன்றத்தை நாடின. சம்பளத்தைக் குறைக்கும் அதிகாரம் ஆளுநருக்குத் தனியே இல்லை என்ற சங்கங்களின் வாதத்தை 2010 அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் சட்டமன்றம் தான் நிறைவேற்றிய திருத்திய வரவு செலவுத் திட்டத்தின் வழியாக அவ்விடுப்புக்கு இசைவு தந்துவிட்டது என்று கூறி, ஆணை செல்லும் எனத் தீர்த்தது. கொள்கையில் சங்கம் வென்றது. பிடித்த சம்பளம் திரும்பவில்லை. அமெரிக்க மத்திய அரசில் நிகழ்வது வேறு வகை. அங்கு நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் உரிய நாளில் நிறைவேறாவிட்டால் அலுவலகங்கள் மூடப்படுகின்றன. 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் நீடித்த மூடலின்போது, பின்னர் முழுச் சம்பளமும் வழங்கப்பட வேண்டும் என்ற உறுதியைச் சட்டமாகவே பெற்றது ஊழியர் தரப்பின் வெற்றியாகும்.

மலேசியாவில் இவ்வகை விடுப்பு அரசு ஊழியர்மீது சுமத்தப்பட்டதில்லை. தனியார் துறையில் அதற்கு நெருங்கிய ஏற்பாடு ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, தொடர்ந்து வரும் 4 வாரங்களுக்குள் குறைந்தது 12 வேலை நாள்கள் வேலையும் சம்பளமும் தரப்படாத தொழிலாளி, வேலை நிறுத்திவைக்கப்பட்டவராகக் கருதப்படுகிறார். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடு தொடங்கியபோது, சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ மாதம் 600 ரிங்கிட் வழங்கியதும் இத்துறையினருக்கே. அரசு ஊழியரின் சம்பளமோ அக்காலம் முழுவதும் நின்றதில்லை. 2021 ஜூன் முதல் 3 மாதங்களுக்கு மேல்நிலை, இடைநிலை அதிகாரிகளின் படிகளில் ஒரு பகுதி பெருந்தொற்று நிதிக்குப் பிடிக்கப்பட்டபோதும் கீழ்நிலை ஊழியர் தொடப்படவில்லை. ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸ் அதனை எதிர்க்கவுமில்லை. 1997 டிசம்பரில் ஆசிய நிதி நெருக்கடியின்போது அரசுச் செலவு 18 விழுக்காடும் அமைச்சர்களின் சம்பளம் 10 விழுக்காடும் குறைக்கப்படும் என்று நிதியமைச்சர் அன்வார் இப்ராஹிம் அறிவித்த காலத்திலும், சாதாரண ஊழியர் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பப்படவில்லை.

இதைக் கொண்டு மலேசிய அரசுப் பணி சிக்கனத்தின் கத்திக்கு அகப்படாதது என்று முடிவு கட்டுவது பெரும் பிழையாகும். இங்கு வெட்டு ஆளின்மேல் விழாமல் பதவியின்மேல் விழுகிறது. ஓய்வு பெறுபவரின் இடம் நிரப்பப்படாமல் விடப்படுகிறது, அல்லது அந்த வேலை முழுவதும் குத்தகைக்குப் போகிறது, அல்லது புதிதாகச் சேர்பவர் பழைய உரிமைகள் இன்றிச் சேர்க்கப்படுகிறார். வெட்டுப்படுபவர் பெரும்பாலும் இன்னும் சங்கத்தில் உறுப்பினராகாதவர்; ஆகவே வெட்டின் ஓசை சங்கத்தின் கூட்டத்தில் கேட்பதில்லை. மலேசியத் தமிழரின், குறிப்பாக ஜொகூர்த் தமிழரின், உழைப்பு வரலாற்றை இந்த ஓர் உண்மை வேறெதைக் காட்டிலும் ஆழமாகத் தொட்டிருக்கிறது.

சங்கம் ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அறிய, சட்டம் அதற்கு வகுத்துள்ள எல்லையை முதலில் நோக்க வேண்டும். தனியார் துறைச் சங்கம் முதலாளியோடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்; அதாவது சம்பளம், வேலை நேரம், விடுப்பு முதலியவற்றை இரு தரப்பும் பேரம் பேசி முடிவு செய்து, இருவரையும் கட்டுப்படுத்தும் எழுத்து உடன்பாடாக்கலாம்; உடன்பாடு முறிந்தால் தொழில் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சங்க அங்கீகாரம், கூட்டுப் பேரம், சமரசம் ஆகியவற்றைப் பற்றிய பகுதிகள் அரசு ஊழியருக்குப் பொருந்தா என்கிறது. அவர்களின் தகராறு தொழில் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டுமானால் மாமன்னரின் அல்லது மாநில அதிகாரத்தின் இசைவு வேண்டும். 1959ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமோ அரசு ஊழியரின் சங்கத்தை அரசு ஊழியருக்குள்ளேயே, குறிப்பிட்ட துறைக்கோ தொழிலுக்கோ உரியதாக வரையறுக்கும் மரபை நிறுவியது. 1993ஆம் ஆண்டின் நடத்தை, ஒழுங்கு விதிகள் ஊழியர் அரசின் கொள்கையைப் பொதுமேடையில் குறைகூறுவதைத் தடுக்கின்றன.

கூட்டுப் பேரத்துக்குப் பதிலாகத் தரப்பட்டதுதான் கூட்டு மன்றம். 1917இல் பிரிட்டனில் ஜான் ஹென்றி விட்லியின் தலைமையில் அமைந்த குழு, முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் நிலையாக அமர்ந்து பேசும் மன்றங்களைப் பரிந்துரைத்தது. அம்முறை மலாயாவுக்கு வந்து, பிற்காலத்தில் தேசியக் கூட்டு மன்றம் என்றும், ஒவ்வோர் அலுவலகத்திலும் இயங்கும் துறைக் கூட்டு மன்றம் என்றும் பெயர் பெற்றது. ஜொகூர் பாரு மாநகர் மன்றத்திலும், நில அலுவலகத்திலும், மருத்துவமனையிலும் இயங்கும் மன்றங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அங்கு ஊழியர் தரப்பு கருத்துரைக்கலாம், முறையிடலாம், வற்புறுத்தலாம்; முடிவு அரசுடையது. அம்முடிவு சுற்றறிக்கையாக, மலாயில் ‘பெகெலிலிங்’ என வழங்கும் ஆணையாக வெளிவருகிறது. மருத்துவமனை கூட்டரசுக்கும், நிலமும் நீரும் மாநில அரசுக்கும், குப்பையும் வடிகாலும் ஊராட்சி மன்றத்துக்கும் உரியவையாக இருந்தபோதிலும், கூட்டரசின் நிர்வாக நகரான புத்ராஜெயாவின் பொதுச் சேவைத் துறை வெளியிடும் சுற்றறிக்கையை மாநிலமும் ஊராட்சி மன்றமும் ஏற்றுக்கொள்வதே வழக்கமாதலால், ஜொகூரில் 3 முதலாளிகளின் கீழ் வேலை செய்வோரின் சம்பளமும் ஒரே தாளில் எழுதப்படுகிறது என்று சொன்னாலும் பொருந்தும்.

இந்த அமைப்பு உள்ளே இருப்பவரைக் காப்பதில் வலிமை மிக்கது. கூட்டரசு அரசியலமைப்பின் 135ஆம் பிரிவு, விளக்கம் அளிக்க வாய்ப்புத் தராமல் அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது என்கிறது. 147ஆம் பிரிவு ஓய்வூதியத்தைப் பாதகமாக மாற்றுவதைத் தடுக்கிறது. ஓய்வூதிய உயர்வை, பணியிலிருப்போரின் சம்பள உயர்வோடு இணைத்திருந்த பழைய முறையை விடுத்து, ஆண்டுக்கு 2 விழுக்காடு என நிலைப்படுத்திய 2013ஆம் ஆண்டின் திருத்தம், ஓய்வு பெற்றோர் தொடுத்த வழக்கில் 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தாலும், 2023 ஜூனில் கூட்டரசு நீதிமன்றத்தாலும் செல்லாததாக்கப்பட்டது. சிக்கன நடவடிக்கை ஒன்றை அரசு ஊழியர் தரப்பு சட்டத்தின் வழியே முறியடித்த பெரும் நிகழ்வு இது. வழக்காடியவர்கள் ஓய்வு பெற்றவர்கள் என்பது கருதத்தக்கது. பணியிலிருப்போரைக் கட்டும் நடத்தை விதிகள் அவர்களைக் கட்டவில்லை.

சங்கம் எப்போதும் இவ்வளவு அடக்கமாக இருந்ததில்லை. 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில், 1930க்கும் 1932க்கும் இடையில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் தென்னிந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, தோட்டத் தொழிலாளரோடு அரசின் சாலை, ரயில் வேலைகளில் இருந்தவரும் வேலையிழந்தனர். அவர்களுக்காகப் பேசச் சட்டம் ஒப்பிய சங்கம் ஏதும் அன்று இல்லை. தொழிற்சங்கங்களை முறைப்படுத்தும் சட்டம் மலாயாவில் 1940இல்தான் இயற்றப்பட்டது. ஆனால் அடுத்த தலைமுறை வேறு விதமாக நின்றது. 1962 டிசம்பரில் மலாயா ரயில்வே ஊழியர் ஏறத்தாழ 14,000 பேர் 22 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களின் கோரிக்கை, நாள்கூலிக்காரர் மாதச் சம்பளக்காரராக மாற்றப்பட வேண்டும் என்பது. நாள்கூலிக்காரருக்கு மழை பெய்தாலும் நோய் வந்தாலும் வேலை இல்லாத நாள் சம்பளமில்லாத நாளே. வேறு வகையில் சொன்னால், இன்று ஃபர்லோ எனப்படுவது அவர்களின் அன்றாட வாழ்க்கையாக இருந்தது. லாபிஸ், குளுவாங், ஜொகூர் பாரு எனத் தண்டவாளத்தை ஒட்டி நீண்ட ரயில்வே குடியிருப்புகளின் தமிழ்க் குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் என்பது வெறும் கணக்கு முறை மாற்றமன்று. மளிகைக் கடையில் கடன் சொல்லும் தகுதியும், பிள்ளையைத் தொடர்ந்து பள்ளிக்கு அனுப்பும் துணிவும் அதில் அடங்கியிருந்தன. இந்தோனேசிய மோதல் நடந்த 1965இல் பிறப்பிக்கப்பட்ட அவசரகால விதிகள் முக்கியச் சேவைகளில் வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்தின. 1967ஆம் ஆண்டின் சட்டம் அக்கட்டுப்பாட்டை நிலையாக்கியது. அதன் பிறகு அரசு ஊழியர் சங்கத்தின் கருவி வேலைநிறுத்தம் என்பதிலிருந்து மனு என்பதற்கு மாறியது.

மனுவாலும் பெற முடிந்தவை உண்டு. 1980களின் நடுவில் பொருளாதாரம் தளர்ந்து தனியார்மயம் கொள்கையானபோது, தொலைத்தொடர்புத் துறை 1987 ஜனவரி 1இல் நிறுவனமாக்கப்பட்டது. ஏறக்குறைய 28,000 ஊழியர் அதனோடு மாறினர். முன்பிருந்ததைவிடக் குறையாத பணி நிபந்தனைகளும், 5 ஆண்டுகளுக்கு ஆட்குறைப்பு இல்லை என்ற உறுதியும் அவர்களுக்குக் கிடைத்தன. 1990இல் தேசிய மின்சார வாரியமும் 1992இல் ரயில்வேயும் நிறுவனங்களானபோது இதே வழி பின்பற்றப்பட்டது. இவ்வுறுதியைப் பெற்ற சங்கத் தலைவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. உலகின் பல நாடுகளில் தனியார்மயம் முதல் ஆண்டிலேயே ஆயிரக்கணக்கானோரைத் தெருவில் நிறுத்தியது. எனினும், அந்த உறுதி அன்று பட்டியலில் பெயர் இருந்தவருக்கு மட்டுமே உரியது. அவருக்குப் பின் அதே கம்பத்தில் ஏற வந்தவருக்கு அது எதையும் சொல்லவில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு ஆழமானது என்பதை மருத்துவமனைகள் காட்டின. 1996ஆம் ஆண்டின் இறுதியில் அரசு மருத்துவமனைகளின் கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு, மருத்துவக் கழிவு அகற்றல், துப்புரவு, துணி வெளுப்பு ஆகிய 5 சேவைகள் 15 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான் மூன்றும் ஒரு நிறுவனத்திடம் சென்றன. ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனை தொடங்கி மாவட்ட மருத்துவமனைகள் வரை, வார்டுகளைக் கழுவி, மூட்டை மூட்டையாகத் துணி சுமந்த வேலையில் தமிழ்ப் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தனர். ஊராட்சி மன்றங்களின் குப்பை அகற்றலும் 1990களின் பிற்பகுதியிலிருந்து மண்டல வாரியாகக் குத்தகைக்குப் போய், 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, அச்சட்டத்தை ஏற்ற ஜொகூரில் முழுமையடைந்தது. நகராண்மைக் கழகத் துப்புரவு வேலை ஆங்கிலேயர் காலந்தொட்டுத் தமிழர் வேலையாக இருந்தது. சமூகம் அதை இழிவாகப் பார்த்தது என்பது உண்மையே. ஆனால் அந்த இழிவுக்கு ஈடாக அரசு குடியிருப்பும், ஓய்வூதியமும், இலவச மருத்துவமும் அதனோடு வந்தன. அவ்வேலையின் இழிவு அப்படியே தங்கிவிட, ஈடாகக் கிடைத்தவை மட்டும் கழற்றி எடுக்கப்பட்டன. தமிழ்ச் சமுதாயத்தின் கீழ்த்தட்டு, தோட்டங்களிலிருந்து நகரங்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில், அதற்கு ஏறுவதற்கு இருந்த ஒரே உறுதியான படியும் இவ்வாறு அகற்றப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்காத எந்த ஆய்வும் மலேசியத் தமிழரின் நகர்ப்புற வறுமையை முழுமையாக விளக்க முடியாது.

குத்தகை முறை தொழிலாளியின் வாழ்நாளை எப்படித் தின்கிறது என்பது விரிவாகச் சொல்லத்தக்கது. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, ஒரே முதலாளியிடம் 2 ஆண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டு விடுப்பு 8 நாள். 2 முதல் 5 ஆண்டு வரை 12 நாள். 5 ஆண்டுக்கு மேல் 16 நாள். பணிநீக்க இழப்பீடும் அவ்வாறே பணிக்காலத்தோடு வளர்கிறது: 2 ஆண்டுக்குக் கீழ், ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், 5 ஆண்டைக் கடந்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள். பள்ளித் துப்புரவுக்கும் காவலுக்கும் விடப்படும் குத்தகைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கைமாறுகின்றன. குத்தகையாளர் மாறியதும் புதிய முதலாளியிடம் புதிய நியமனக் கடிதம் தரப்படுகிறது. பணிக்காலம் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. ஒரே பள்ளியின் வாயிலில் 15 ஆண்டு நின்ற காவலர் சட்டத்தின் கண்ணில் என்றும் புதியவராகவே இருக்கிறார். அவரது ஆண்டு விடுப்பு 8 நாளைத் தாண்டுவதே அரிது. பழைய குத்தகை முடிந்து புதியது தொடங்கும் இடைவெளியில் அவர் வீட்டில் காத்திருக்கும் நாள்களுக்குச் சம்பளம் இல்லை. அதற்கு விடுப்பு என்ற பெயரும் இல்லை. மலேசியாவில் ஃபர்லோ இல்லை என்று மேலே கூறப்பட்டது அரசு ஊழியரைக் குறித்தே. அரசின் வேலையைச் செய்பவரைக் குறித்து அப்படிக் கூற இயலாது.

இத்தொழிலாளரைத் திரட்டும் பணியைக் கியூபெக்ஸ் செய்யவில்லை என்பதில் முழுப் பழியையும் அதன்மேல் சுமத்துவது நேர்மையாகாது. குத்தகையாளரின் தொழிலாளி சட்டப்படி தனியார் துறையைச் சேர்ந்தவர்; அவரை அரசு ஊழியர் சங்கம் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடந்தரவில்லை. அவ்விடத்தை நிரப்ப மருத்துவமனை துணைச் சேவைத் தொழிலாளரின் தனிச் சங்கமும், மலேசிய சோசலிசக் கட்சியினரின் துணையோடு அரசுக் குத்தகைத் தொழிலாளரின் அமைப்பும் தோன்றின. குத்தகை முறையை ஒழித்து நேரடி நியமனம் செய்ய வேண்டும், இயலாவிடில் பணிக்காலத் தொடர்ச்சியையேனும் உறுதி செய்ய வேண்டும் என்பது அவற்றின் கோரிக்கை. 2020 ஜூன் 2ஆம் நாள் ஈப்போ அரசு மருத்துவமனையின் முன் துப்புரவுத் தொழிலாளருக்காக மறியலில் நின்றோருள் ஐவர், நடமாட்டக் கட்டுப்பாட்டை மீறியதாகக் கைது செய்யப்பட்டனர். பெருந்தொற்று வார்டுகளைத் தம் கையால் கழுவியவர்களுக்காக நின்றவர்கள் தொற்றுத் தடுப்பின் பெயரால் பிடிக்கப்பட்டது வேதனைக்குரிய நிகழ்வாகும்.

எதிர்ப்பின் முழு வேகத்தையும் ஒரே அடியில் செலுத்திப் பார்த்த சங்கங்களின் அனுபவம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, ஓய்வூதியப் பயன்கள், விடுப்பு ஒப்படைப்பு முதலிய சலுகைகளை ஜெயலலிதா தலைமையிலான அரசு குறைத்தபோது, ஆசிரியர், அரசு ஊழியர் அமைப்புகளின் கூட்டு நடவடிக்கைக் குழு 2003 ஜூலை 2இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. அரசு இன்றியமையாச் சேவைகள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தி, 1,70,000க்கும் மேற்பட்டோரை விசாரணையின்றி நீக்கியது. இந்திய உச்ச நீதிமன்றம் பெரும்பாலோரை மீண்டும் பணியில் சேர்க்க வழிசெய்தபோதிலும், 2003 ஆகஸ்ட் 6ஆம் நாள் தீர்ப்பில், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, அறநெறி உரிமையோ இல்லை என்று கூறியது. 2004 மே மாத மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓரிடமும் பெறாமல் தோற்ற பின்னர், பறிக்கப்பட்டவற்றுள் பல திரும்பத் தரப்பட்டன. நீதிமன்றத்தில் இழந்ததைச் சங்கம் வாக்குப் பெட்டியில் மீட்டது என்று இதனைக் கொண்டாடுவோர் உண்டு. ஆனால் அதே 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்ற முடிவு அக்கொண்டாட்டத்தைக் கடந்தும் நின்றது. உள்ளே இருந்தவர் மீண்டார். இனி வரவிருந்தவர் விலை கொடுத்தார். கடல் கடந்து சென்றால் சிக்கனத்தின் வேறொரு வடிவம் தெரிகிறது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும், வெளிநாடு சென்று உழைக்க 5 ஆண்டு வரை சம்பளமில்லா விடுப்பும் அளிக்கப்பட்டன. கட்டாயம் என்ற சொல் அதில் இல்லாவிடினும், விலைவாசி அந்தக் கட்டாயத்தை உண்டாக்கியது.

இனி வரவிருப்பவர் விலை கொடுக்கும் தமிழ்நாட்டுக் கணக்கு மலேசியாவில் 2024 பிப்ரவரி 1இல் எழுதப்பட்டது. அந்நாள் முதல் புதிதாகச் சேரும் அரசு ஊழியர் ஓய்வூதியத்துக்கு மாறாக ஊழியர் சேமநிதியின்கீழ் வருகிறார். பெருகிவரும் ஓய்வூதியச் செலவை அரசு காரணமாகக் கூறியது. அது பொய்யான காரணமுமன்று. ஆயினும் நாடாளுமன்றம் 2013இல் ஓய்வு பெற்றோரிடம் கைவைத்துத் தோற்றதையும், அதன் பின் இன்னும் பணிக்கே வராதவரிடம் கைவைக்கப்பட்டதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். வழக்காட உரிமையுள்ளவரை விட்டு, வழக்காட இன்னும் உரிமை பெறாதவரை நாடுவதே சிக்கனத்தின் இயல்பு.

படித்தவரையும் அது விடவில்லை. 2016 டிசம்பர் முதல் அரசு மருத்துவர்கள் நிரந்தரப் பதவி இன்றி ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்டனர். 2021 நடுவில் அவ்வாறு சேர்ந்தோர் ஏறக்குறைய 23,000 பேர். அவர்களுள் நிரந்தரம் பெற்றோர் ஆயிரம் பேரையும் எட்டவில்லை. 2021 ஜூலை 26இல் அவர்கள் நடத்திய ‘ஹர்த்தால் டாக்டர் கொன்ட்ராக்’ எனும் வெளிநடப்பைப் பதிவு பெற்ற சங்கம் எதுவும் நடத்தவில்லை. இளம் மருத்துவர்கள் தாமாகத் திரண்டனர். அதற்குச் சில நாள் முன்னரே அரசு ஒப்பந்த நீட்டிப்பை அறிவிக்க நேர்ந்தது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை டாக்டரானால் குடும்பம் கரையேறும் என்று நம்பிக் கடன்பட்ட தமிழ்ப் பெற்றோருக்கு, தாயின் துடைப்பமும் மகளின் ஸ்டெதஸ்கோப்பும் ஒரே வகை ஒப்பந்தத் தாளில் எழுதப்பட்டிருந்தது பெரும் அதிர்ச்சியாக இருந்திருக்கும். ஜொகூரில் இதற்கு மற்றொரு விளைவும் உண்டு. சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு பாலத்துக்கு அப்பால் அழைத்துக்கொண்டே இருப்பதால், இங்கு நிரப்பப்படாத ஒவ்வோர் இடமும், கூட்டப்படும் ஒவ்வொரு பணி நேரமும், எஞ்சியிருக்கும் தாதியரையும் எல்லை கடக்கத் தூண்டுகின்றன. 2024இல் வார்டு தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 ஆக உயர்த்தும் முயற்சியைத் தாதியர் சங்கம் எதிர்த்துத் தள்ளிவைக்கச் செய்ததன் பொருள், ஜொகூரில் பிற மாநிலங்களைவிடக் கூர்மையானது.

கியூபெக்ஸின் அண்மைக் கால வெற்றி 2024 ஆகஸ்டில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்து டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதிய முறையாகும். 2012 மார்ச்சில், மேலதிகாரிகளுக்கே பெரும் உயர்வு தருவதாகக் குறைகூறப்பட்ட ஓர் ஊதிய முறையை அரசு அறிமுகப்படுத்திய சில மாதங்களிலேயே கைவிட நேர்ந்ததற்கும் ஊழியர் தரப்பின் அழுத்தம் காரணமாக இருந்தது. 2024ஆம் ஆண்டின் முறை 2 கட்டங்களாக மொத்தம் 15 விழுக்காடு வரை உயர்வு தந்து, படிகளையும் சேர்த்து மிகக் கீழ்நிலை அரசு ஊழியரின் மாத வருமானத்தை 2,000 ரிங்கிட்டுக்கு மேல் உயர்த்தியது. வரவேற்கத்தக்க ஏற்றமே. அதே மருத்துவமனையின் அதே மாடியில் தரையைத் துடைக்கும் குத்தகைத் தொழிலாளிக்கு 2025 பிப்ரவரி முதல் உரியது குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட். இருவருக்கும் பணம் வருவது ஒரே வரவு செலவுத் திட்டத்திலிருந்துதான்; ஒன்று ‘சம்பளம்’ என்ற தலைப்பிலும் மற்றொன்று ‘சேவைகளும் வழங்கல்களும்’ என்ற தலைப்பிலும் எழுதப்படுகிறது. சங்கம் வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கும்போது முதல் தலைப்போடு நிறுத்திக்கொள்கிறது. சிக்கனம் நடப்பதோ இரண்டாம் தலைப்பில்.

கூட்டு மன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் குத்தகை நிபந்தனையைச் சேர்க்கக் கேட்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. புதிய குத்தகையாளர் பழைய தொழிலாளரை அவர்களின் பணிக்காலத்தோடு ஏற்க வேண்டும் என்ற ஒரு வாக்கியம் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் இடம்பெற்றால், 8 நாள் விடுப்பு 16 நாளாகும். இழப்பீட்டுக் கணக்கும் உண்மையான ஆண்டுகளைக் காட்டும். கூட்டரசின் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் இதைச் செய்ய வேண்டியது புத்ராஜெயா. ஆனால் ஜொகூர் மாநில அரசின் அலுவலகங்களும், ஜொகூர் பாரு, இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங் மாநகர் மன்றங்களும் தம் கட்டடங்களின் துப்புரவுக்கும் காவலுக்கும் தாமே ஒப்பந்தப்புள்ளி கோருகின்றன. கூட்டரசின் வார விடுமுறை எந்நாளாக இருந்தபோதிலும் 2014இல் வெள்ளி, சனிக்கிழமைக்கு மாறி, 2025 ஜனவரி 1இல் மீண்டும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிய மாநிலம் இது. தன் ஆவணத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க அது வேறெவர் இசைவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மன்றங்களின் கூட்டு மேசையில் ஊழியர் தரப்பாக அமர்ந்திருப்போர் அடுத்த கூட்டத்திலேயே அதைக் கேட்கலாம்.